வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு: ஒரே சிடியில் அடங்கியிருக்க வேண்டிய ஆறு பாடல்கள்

வீட்டில் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரில், கிடார், டிரம்ஸ், குரல் எல்லாம் சேர்த்து ஒரு பாட்டைப் பதிவு செய்திட முடியுமா? முடியும். 2008-ல் போடிநாயக்கனூரில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில், நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆறு பாடல்களைப் பதிவு செய்தோம். நன்றாகவே வந்தது. ஆனால் பதிவு செய்ததை நான்தான் தொலைத்தேன். 2024-ல் அதில் ஒரு பாட்டை மட்டும் எப்படியோ மீட்டெடுத்தோம். இரண்டு கதையிலும் உங்களுக்குப் பயன்படும் விஷயங்கள் இருப்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் பேஸ் கிடார் வாசிப்பவன். குடும்பத் தொழில் இலவம் பஞ்சு மெத்தை. லீட் கிடார் வாசித்தவர் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் தேனியிலிருந்து பஸ்ஸில் வருவார். டிரம்ஸ் மட்டுமல்லாமல் உறுமியும் வாசிப்பார். பாடியவர் ஜீப் டிரைவர். விடியும் முன்பே ஏலத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக் கொண்டு போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போவார். சாயங்காலம் இறங்கி வருவார். எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. இந்தக் கட்டுரையிலும் அப்படியே அழைக்கிறேன்.

குழுவுக்கு மூன்று முறை பெயர் வைத்து மூன்று முறையும் மாற்றினோம். அந்தப் பெயர்களை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. பண்ணைப்புரம் எங்கள் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அதனால் எங்கள் பக்கம் பாட்டு என்றாலே இளையராஜாதான். "ராக்கா? அது எதுக்குடா நமக்கு?" என்றுதான் கேட்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 'அவியல்' என்ற குழு 2008-ல் மலையாளத்திலேயே ராக் ஆல்பம் வெளியிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் நம் மொழியில், நம் ஊர் விஷயத்தை வைத்துப் பாடலாம் என்ற தைரியம் எங்களுக்கு வந்தது. அண்ணன் எழுதிய முதல் பாட்டு அவருடைய ஜீப்பைப் பற்றியது.

மெத்தை ஒரு நல்ல ஸ்டூடியோ

வீட்டில் பதிவு செய்திட விரும்புகிறவர்கள் முதலில் மைக் வாங்கப் போகிறார்கள். நான் முதலில் அறையைக் கவனிக்கச் சொல்வேன். காலி அறையில் கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலிக்குப் பின்னால் 'டிங்' என்று ஒரு வால் கேட்டால், அந்த வால் நீங்கள் பதிவு செய்திடும் எல்லாவற்றிலும் ஒட்டிக் கொள்ளும். பிறகு எந்த சாப்ட்வேரை வைத்தும் அதை முழுமையாக எடுக்க முடியாது.

எங்கள் மாடியில் விற்பனைக்குத் தைத்து வைத்த மெத்தைகள் இருந்தன. அவற்றைச் சுவரோரம் நிறுத்தினோம். பஞ்சு போன்ற நுண்துளை உள்ள பொருளுக்குள் ஒலி அலை புகும்போது, காற்றின் அசைவு இழைகளில் உரசிச் சக்தியை இழக்கிறது. எதிரொலி குறைகிறது. இது பேச்சுக்கும் கிடாருக்கும் சரி. பேஸ் ஒலிக்கு மட்டும் பலிக்காது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆகவே 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். அதைக் கணிசமாக விழுங்க, அலை நீளத்தில் கால் பங்கு, அதாவது 85 சென்டிமீட்டர் அளவுக்காவது தடிமன் வேண்டும். எங்கள் மெத்தை நான்கு அங்குலம். என் பேஸ் கிடார் மூலையில் 'கும்' என்று நின்றது.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் ஓரடி தள்ளி நிறுத்துங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு குறைவு. தள்ளி வைத்தால் அசைவு அதிகமாக உள்ள இடத்தில் பஞ்சு நிற்கும். மூலைகளில் பஞ்சு மூட்டைகளையே அடுக்கலாம். எல்லோர் வீட்டிலும் பஞ்சு மூட்டை இருக்காது. பீரோ நிறையத் துணி, கட்டிலில் மெத்தை, ஜன்னலுக்குக் கனமான திரை உள்ள படுக்கை அறையே போதும். ஹால் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உறை பிரிந்த பஞ்சு பறக்கும். அண்ணன் இரண்டாவது நாளே இருமத் தொடங்கி, மூக்கில் துண்டைக் கட்டிக் கொண்டுதான் உள்ளே வருவார். பாடும்போது மட்டும் அவிழ்ப்பார்.

அப்போதைய கம்ப்யூட்டர்

பென்டியம் 4, 512 எம்பி ராம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. தனி சவுண்ட் கார்டு இல்லை, மதர்போர்டிலேயே உள்ளதுதான். ஊரில் மைக்செட் வைத்திருந்த ஒருவரிடம் சிறிய மிக்ஸரும் நான்கு மைக்கும் இரவு வாடகைக்கு எடுத்தோம். டிரம்ஸுக்கு மூன்று மைக் வைத்து, மிக்ஸரில் சேர்த்து, கம்ப்யூட்டரின் நீல நிற லைன் இன் துளையில் கொடுத்தோம். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது. மிக்ஸரின் ஒலியை அதில் கொடுத்தால் கரகரவென்று உடையும். இந்த நிற வேறுபாடு தெரியாமல் நாங்கள் ஒரு முழு இரவை வீணாக்கினோம்.

சாப்ட்வேர் ஆடாசிட்டி 1.2.6. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2000-ல் வெளியாகி, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர் இது. பிரவுசிங் சென்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டு வந்தேன். எம்பி3 ஆக மாற்ற லேம் என்ற பைலைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. இப்போதைய பதிப்புகளில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் டிரம்ஸ். அதைக் கேட்டுக் கொண்டே பேஸ். பிறகு கிடார். கடைசியில் குரல். ஒவ்வொன்றும் தனித்தனி டிராக்காக, ஒன்றன் கீழ் ஒன்றாக ஆடாசிட்டியில் நிற்கும். ஒருவர் தவறினால் அவருடைய டிராக்கை மட்டும் மறுபடி பதிவு செய்திடலாம். இதுதான் மல்டி டிராக் பதிவு. இன்று நீங்கள் இதைத் தொடங்குவதானால் இரண்டு உள்ளீடுகள் கொண்ட யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று போதும். மிக்ஸர், லைன் இன் குழப்பம் எதுவும் வேண்டாம்.

பின்தங்கும் ஒலி

முதல் முறை கேட்டபோது எல்லோரும் டிரம்ஸ்காரரைத் திட்டினோம். பிறகுதான் புரிந்தது, டிரம்ஸ் சரியாக இருந்தது. மற்ற மூவரும் பின்னால் வந்து கொண்டிருந்தோம். நம் வாசிப்பைக் கம்ப்யூட்டர் உடனே எழுதி விடுவதில்லை. சிறிது சேர்த்து வைத்துத்தான் எழுதும். சேர்த்து வைக்கும் இடம் பபர். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது, பபரில் 512 மாதிரிகள் என்றால் 11.6 மில்லி செகண்ட் தாமதம். உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனியாகச் சேரும். விண்டோஸின் சாதாரண டிரைவரில் இது 100 மில்லி செகண்டையும் தாண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லி செகண்ட். அதில் கால் பங்கு பிந்தினால் யாருக்கும் காது கூசும்.

நாங்கள் டைம் ஷிப்ட் கருவியால் ஒவ்வொரு டிராக்கையும் கையால் இழுத்துச் சரி செய்தோம். இப்போது எளிய வழி இருக்கிறது. செய்து பாருங்கள்.

ஆடாசிட்டியில் எடிட் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, ஆடியோ செட்டிங்ஸ் என்பதில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற கட்டத்தைப் பாருங்கள். மைனஸ் 130 என்று இருக்கும். இது ஒரு உத்தேசக் கணக்கு. உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. அதை 0 ஆக்கி ஓகே கொடுங்கள். ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்பதைக் கிளிக் செய்து ஒரு தட்டொலி டிராக்கை உருவாக்குங்கள். ஹெட்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்துக் கொண்டு, அந்தத் தட்டொலி ஓடும்போதே இரண்டாவது டிராக்கில் பதிவு செய்திடுங்கள். பிறகு நன்றாக ஜூம் செய்து பார்த்தால், இரண்டாவது டிராக்கின் தட்டு முதலாவதைவிடச் சற்று வலப்பக்கம் தள்ளி இருக்கும். இடைவெளியை மவுஸால் தேர்ந்தெடுத்து, கீழே தெரியும் அளவை மில்லி செகண்டில் குறித்துக் கொள்ளுங்கள். அந்த எண்ணை மைனஸ் குறியுடன் லேட்டன்சி கட்டத்தில் கொடுங்கள். மறுபடி ஒருமுறை சோதியுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் சரி. சவுண்ட் கார்டையோ டிரைவரையோ மாற்றினால் இதைத் திரும்பச் செய்திட வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலை கட்டுரையின் கடைசியில் திரும்ப வரும்.

ஒலி அளவைப் பற்றி ஒரே வார்த்தை. பதிவாகும்போது மீட்டர் 0-வைத் தொடவே கூடாது. தொட்டால் அலையின் தலை வெட்டப்படும். பிறகு ஒட்ட வைக்க முடியாது. மிகச் சத்தமாகப் பாடும் இடத்திலும் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நிற்கட்டும். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பிறகு கூட்டிக் கொள்ளலாம்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் மின்சாரத்தால் வருவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மிக்ஸர் ஒரு சுவர் பிளக்கிலும் கம்ப்யூட்டர் வேறு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த் பாதைகளுக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி இந்த ஒலி கேட்கும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் கொடுங்கள். சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றி விட்டால் இரைச்சல் போய்விடும் என்பார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். இரைச்சல் போகும், கிடார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டால் ஷாக்கும் அடிக்கும். எங்கள் லீட் கிடார்காரரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

அந்த ஆண்டு தமிழகத்தில் மின்வெட்டு இருந்தது. மூன்றாவது டேக்கில் அண்ணன் இரண்டாவது சரணத்தை உயிரைக் கொடுத்துப் பாடிக் கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் 'பீப்' என்று அலறியது. அவர் நிறுத்தவில்லை. முழுதும் பாடி முடித்த பிறகு "இனி இதுக்கு மேல வராதுய்யா, இதையே வச்சுக்கங்க" என்றார். காலையில் நான்கரைக்கு ஜீப் எடுக்க வேண்டும் அவருக்கு. வைத்துக் கொண்டோம்.

தொலைத்தது எப்படி

ஆறு பாடல்களையும் எம்பி3 ஆக்கினேன். 128 கேபிபிஎஸ். அண்ணன் தன் ஜீப் பிளேயருக்கு ஒரு பென் டிரைவில் வாங்கிப் போனார். சில மாதம் கழித்து கம்ப்யூட்டரில் வைரஸ். பார்மட் செய்திட வேண்டும். பாட்டுகளைக் காப்பாற்ற வேண்டுமே என்று ஒரு காலி சிடியில் ஆறு பாடல்களின் புராஜெக்ட் பைல்களையும் எழுதினேன். சரிபார்த்தேன். ஆறும் இருந்தன. பார்மட் செய்தேன்.

அப்போதைய ஆடாசிட்டியில் ஒரு பாட்டைச் சேவ் செய்தால் இரண்டு விஷயங்கள் உருவாகும். ஒன்று, ஏயுபி என்று முடியும் சிறிய பைல். மற்றது, அதே பெயருடன் 'டேட்டா' என்று முடியும் ஒரு போல்டர். ஏயுபி பைல் வெறும் எழுத்து. எந்த டிராக் எங்கே தொடங்குகிறது, அதன் ஒலித் துண்டுகள் எவை என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். ஒலி முழுவதும் போல்டருக்குள் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக இருக்கும். நான் சிடியில் எழுதியது குறிப்புகளை. ஒலியைப் பார்மட் செய்து விட்டேன்.

இது தெரியாமலே ஆண்டுகள் போயின. பிறகு ஒருநாள் சிடியைப் போட்டுத் திறந்தபோது, டேட்டா போல்டரைக் காணவில்லை என்று செய்தி வந்தது. ஏயுபி பைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். டிராக்குகளுக்கு நான் வைத்த பெயர்கள் வரிசையாக இருந்தன. டிரம்ஸ். பேஸ். கிடார். குரல், மூன்றாவது டேக். சாப்ட்வேரின் மேல் குற்றமில்லை. சேவ் ஆகும் இடத்தில் இரண்டும் அருகருகேதான் இருந்தன. சிடியில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 44.1 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் பைல் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு டிராக் 21 எம்பி. டிரம்ஸ் ஸ்டீரியோ என்பதால் 42. மற்ற மூன்றும் சேர்த்து ஒரு பாட்டுக்கு 106 எம்பி. ஆறு பாட்டுக்கு 636 எம்பி. சிடியின் கொள்ளளவு 700 எம்பி. அதே ஒரு சிடியில் எல்லாம் அடங்கியிருக்கும்.

2021-ல் வெளியான ஆடாசிட்டி 3 முதல் புராஜெக்ட் முழுவதும் ஏயுபி3 என்ற ஒரே பைலாகச் சேவ் ஆகிறது. பழைய ஏயுபி பைல்களும் டேட்டா போல்டர்களும் உங்களிடம் இருந்தால், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, புதிய பதிப்பில் திறந்து, ஏயுபி3 ஆக இன்றே சேவ் செய்து விடுங்கள். அதோடு நிறுத்த வேண்டாம். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ என்பதைக் கிளிக் செய்து, மல்டிபிள் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் பைலாக வெளியே எடுத்து வையுங்கள். எல்லாமே பாட்டின் தொடக்கத்திலிருந்து தொடங்குமாறு இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்து எந்த சாப்ட்வேர் இருக்கும், எது இருக்காது என்று யாருக்குத் தெரியும்? வேவ் பைலை எதுவும் திறக்கும்.

குரலைப் பிரித்தல்

2019-ல் அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பேச்சு கிசுகிசுப்பாக மட்டும்தான் வரும். பாட்டு முடிந்து போயிற்று. ஜீப்பை மகன் ஓட்டுகிறார். 2024-ல் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் என் கடைக்கு வந்து, "சித்தப்பா, அப்பா பாடுன ஜீப் பாட்டு மண்டபத்துல போடணும். எங்ககிட்ட இருக்கறதுல குரலே சரியா கேக்கல. உங்ககிட்ட நல்லது இருக்கும்ல?" என்று கேட்டாள். என்னிடம் இருந்தது அந்தச் சிடி.

அவளிடமிருந்த பென் டிரைவை வாங்கினேன். உள்ளே இருந்தது 128 கேபிபிஎஸ் எம்பி3. சிடி தர ஒலியில் பதினொன்றில் ஒரு பங்கு அளவுதான் அது. மீதியைக் காது கவனிக்காது என்று எம்பி3 தூக்கி எறிந்து விடும். தவிரவும் என் மிக்ஸிங் மோசம். இருபத்தைந்து வயதில் எல்லா பேஸ் கிடார்காரர்களும் தங்கள் கிடாரைத்தான் சத்தமாக வைப்பார்கள்.

கலந்துவிட்ட பாட்டிலிருந்து குரலைப் பிரிப்பது, தோசையிலிருந்து உளுந்தைப் பிரிப்பது மாதிரி என்று அந்த நாளில் சொல்வோம். அது இப்போது பெரிய அளவில் முடிகிற காரியமாகி விட்டது. பீட்டில்ஸ் குழுவின் கடைசிப் பாட்டு 'நவ் அண்ட் தென்' 2023 நவம்பரில் வெளியானது. ஜான் லெனன் 1970-களின் கடைசியில் வீட்டில் கேசட்டில் பாடி வைத்தது. குரலும் பியானோவும் மின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து கிடந்ததால், மற்ற மூவரும் 1995-ல் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். பிறகு கம்ப்யூட்டருக்குக் குரல் எது, பியானோ எது என்று கற்பித்துப் பிரித்தெடுத்தார்கள். அவர்களுக்கும் கேசட் இரைச்சல் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதே வகை வசதி இலவசமாக நமக்கும் கிடைக்கிறது. விண்டோஸ் ஆடாசிட்டிக்கு இன்டெல் நிறுவனம் தரும் ஓபன்வினோ என்ற பிளக் இன் தொகுப்பை இறக்கி இன்ஸ்டால் செய்திடுங்கள். பாட்டைத் திறந்து முழுவதையும் செலக்ட் செய்து, எபெக்ட் மெனுவில் ஓபன்வினோ மியூசிக் செபரேஷன் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். 2 ஸ்டெம் என்றால் குரல், இசை என இரண்டாகவும், 4 ஸ்டெம் என்றால் டிரம்ஸ், பேஸ், குரல், மற்றவை என நான்காகவும் பிரிக்கும். அப்ளை கொடுத்து விட்டு டீ குடித்து வரலாம். முதல் முறை அதிக நேரம் எடுக்கும். எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. பாட்டை யாருக்கும் அனுப்ப வேண்டாம். இதன் உள்ளே வேலை செய்வது டெமுக்ஸ் என்ற மாடல்.

முடிவைக் கேட்டேன். குரல் தனியாக வந்திருந்தது. பஞ்சால் வந்த அந்தக் கமறல்கூடத் தெரிந்தது. யுபிஎஸ்ஸின் 'பீப்' ஒலி 'மற்றவை' டிராக்குக்குப் போய்விட்டிருந்தது. ஆனால் குரலோடு இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது: உறுமி. குச்சியை இழுக்கும்போது வரும் அந்த முனகலை மாடல் மனிதக் குரல் என்றே நினைத்து விட்டது. இந்த ஆராய்ச்சியில் பரவலாகப் பயன்படும் மாதிரிப் பாட்டுத் தொகுப்பில் 150 பாடல்கள். பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். உறுமியை அது எங்கே கேட்டிருக்கப் போகிறது? நம் ஊர் வாத்தியங்கள் உள்ள பாட்டைப் பிரிக்கும்போது இதை எதிர்பாருங்கள். பாடாத இடங்களில் உறுமியை செலக்ட் செய்து சைலன்ஸ் கொடுத்தேன். பாடும் இடங்களில், குரலுக்குக் கீழே உள்ள பகுதியை ஈக்வலைசரில் குறைத்தேன். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், "அண்ணன் குரலை ஏஐக்குக் கொடுத்தால் புதுப் பாட்டே பாட வைக்கலாமே" என்றார். செய்திட முடியும்தான். 2024-ல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் குடும்பத்தாரின் அனுமதியோடு அப்படி உருவாக்கினார் ஏ.ஆர்.ரஹ்மான். அதே ஆண்டு 'தி கோட்' படத்தில் பவதாரிணியின் குரல் வந்தது. அண்ணனிடம் கேட்டேன். "நான் பாடாததை நான் பாடுன மாதிரி எதுக்குய்யா?" என்று கிசுகிசுத்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிரிப்பதும் உருவாக்குவதும் வேறு வேறு வேலைகள். நான் செய்தது முதல் வேலை மட்டும்.

மறுபடி வாசித்தது

குரல் கிடைத்ததும், மற்ற வாத்தியங்களைப் புதிதாக வாசித்து விடலாம் என்று தோன்றியது. டிரம்ஸ்காரர் இப்போது சென்னையில் இருக்கிறார். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்திய போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்ததிலிருந்து, சென்னை சென்ட்ரலில் ஏறினால் போடியிலேயே இறங்கலாம். அதில் வந்தார். ஒரே பஞ்சு மாடி, அதே மெத்தைகள் என்று சொல்ல ஆசைதான். மெத்தைகள் எப்போதோ விற்றுப் போயின. வேறு மெத்தைகள்.

டிரம்ஸ்காரரால் வாசிக்க முடியவில்லை. 2008-ல் நாங்கள் மெட்ரோனோம் எதுவும் இல்லாமல் பதிவு செய்திருந்தோம். பாட்டு, ஜீப் ஏறுவது போல, சரணத்தில் மெதுவாகி, வளைவு திரும்பியதும் வேகம் பிடிக்கும். டிரம்ஸ் இருந்தபோது அது தெரியவில்லை. குரலை மட்டும் ஹெட்போனில் கேட்டுக் கொண்டு அடித்தால் ஒவ்வொரு சரணத்திலும் முந்தினார் அல்லது பிந்தினார். ரிதம் டிராக் வைத்துப் பார்த்தோம். அது ஒரே வேகத்தில் ஓடும், குரல் ஓடாது. குரலை வெட்டி நீட்டித் தட்டுக்குப் பொருத்தலாம். டெம்போ மாற்றும் வசதி ஆடாசிட்டியில் இருக்கிறது. நீட்டிய இடங்களில் குரல் ரோபோ மாதிரி ஆனது. அழித்தேன்.

மதியம் வரை இப்படியே போனது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஹெட்போனை வாங்கி மாட்டிக் கொண்டார். தன் குரலை அவர் தனியாகக் கேட்பது அதுதான் முதல் முறை. ஒன்றும் சொல்லவில்லை. முதல் பல்லவி முடிந்ததும் மேஜையில் விரலால் தட்ட ஆரம்பித்தார். சரணத்தில் தட்டு தாமதித்தது. திரும்பும் இடத்தில் பிடித்துக் கொண்டது. டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் மைக்கை எடுத்து மேஜையில் வைத்தேன்.

முதலிலிருந்து போட்டு, அவர் தட்டியதைத் தனி டிராக்காகப் பதிவு செய்தேன். காலையில் லேட்டன்சி சோதனை செய்து வைத்திருந்ததால் அவருடைய தட்டும் அவருடைய குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. அந்தத் தட்டொலியைத்தான் டிரம்ஸ்காரர் ஹெட்போனில் கேட்டு வாசித்தார். இரண்டாவது டேக்கில் முடிந்தது. உங்களிடமும் மெட்ரோனோம் இல்லாத பழைய பாட்டு இருந்தால் இதே முறையைச் செய்து பாருங்கள்: பாடியவரையோ, பாட்டை நன்கு அறிந்தவரையோ முதலில் தட்டச் சொல்லிப் பதிவு செய்திடுங்கள்; மற்றவர்கள் அதைப் பின்பற்றட்டும்; கடைசியில் அந்த டிராக்கை மியூட் செய்து விடலாம்.

கலந்து முடித்து ஸ்பீக்கரில் போட்டேன். இந்த முறை பேஸைக் குறைத்தே வைத்திருந்தேன். முழுதும் கேட்ட அண்ணன் என்னை அருகில் கூப்பிட்டு, "ரெண்டாவது சரணத்துல அந்த பீப்பு எங்க?" என்று கேட்டார். எடுத்து விட்டதாகச் சொன்னேன். "அது இருக்கட்டும்யா. அது இல்லாம எனக்கு அந்த இடம் வெறிச்சுன்னு இருக்கு" என்றார். 'மற்றவை' டிராக்கிலிருந்து அந்த அரை நொடியைக் காப்பி செய்து, பழைய இடத்திலேயே பேஸ்ட் செய்தேன்.

மண்டபத்தில் ஓடியது அந்தப் பாட்டுதான். அதன் ஏழு டிராக்குகளும் தனித்தனி வேவ் பைல்களாக என் கம்ப்யூட்டரிலும், ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும், அண்ணன் மகளின் பென் டிரைவிலும் இருக்கின்றன. அண்ணன் தட்டிய டிராக்கையும் சேர்த்துத்தான் ஏழு. மீதி ஐந்து பாடல்களுக்கு, டிரம்ஸ்காரருக்கு எப்போது லீவு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.